தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று 1,75,000 ரூபாய் வாங்கிக்கொண்டு என் தம்பியை விற்றுவிட்டார்கள்

நேற்று ராத்திரி தம்பியின் நண்பன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். தம்பியை வேலைக்கு என்று அனுப்பிய அதே ஏஜென்டின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். நம்பர் புதுசு, முகம் அதே. "லாவோஸ், டேட்டா என்ட்ரி, 10 பேர் உடனே தேவை, ரூம் சாப்பாடு ஃப்ரீ." என் தம்பி வீட்டுக்கு வந்து இன்னும் பத்து நாள்கூட ஆகவில்லை. கை நடுங்குகிறது, கோர்வையாக எழுத வருமா தெரியவில்லை. அந்தப் பத்துப் பேரில் ஒருவன் வீட்டிலாவது இதைப் படிக்கட்டும்.

தம்பிக்கு 23 வயது. டிப்ளமோ முடித்து ஒரு வருடம் வேலை தேடினான். தஞ்சாவூரில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் அந்த ஆபீஸ். ஜூன் மாதம் நான், அம்மா, தம்பி மூன்று பேரும் போனோம். நான் விவரம் தெரியாமல் போகவில்லை. 2025 மார்ச் மாதம் மியான்மர் மோசடி மையங்களிலிருந்து மீட்ட 549 பேரை இரண்டே நாளில் விமானப்படை விமானங்களில் கூட்டிவந்ததை டிவியில் பார்த்திருந்தேன். அவர்களையும் வேலை தருவதாகச் சொல்லித்தான் கூட்டிப்போயிருந்தார்கள். அதை அந்த ஆளிடம் நேராகவே கேட்டேன்.

அவன் கொஞ்சமும் கோபப்படவில்லை. "நல்லா கேட்டம்மா. இப்படி விசாரிச்சுட்டு வர்ற குடும்பம்தான் எங்களுக்கு வேணும். அந்த ஃப்ராடுங்களாலதான் எங்களுக்கும் கெட்ட பேரு. நம்ம கம்பெனி பாங்காக் சிட்டிக்குள்ளயே இருக்கு" என்று அங்கேயே வீடியோ கால் போட்டான். கண்ணாடி வைத்த ஆபீஸ், டை கட்டிய பையன் ஒருவன் "வணக்கம் ஆன்ட்டி" என்று தமிழில் சிரித்தான். அம்மா அந்த "ஆன்ட்டி"யிலேயே உருகிவிட்டாள். அப்புறம் தம்பிக்கு டைப்பிங் டெஸ்ட். அது முடிந்ததும் அவனுடைய பாஸ்போர்ட்டை வாங்கி, மேஜையில் இருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்து, குங்குமம் தொட்டு அட்டையில் வைத்தான். "இனிமே இவன் என் புள்ள மாதிரி" என்றான். என் சந்தேகம் அந்த நிமிடத்தோடு போய்விட்டது. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அம்மாவின் இரண்டு பவுன் செயினை அடகு வைத்து ஒரு லட்சம், மகளிர் குழுக் கடன் 75,000. மொத்தம் 1,75,000 ரூபாய். ரசீது கொடுத்தது 25,000 ரூபாய்க்கு மட்டும், அதிலும் "ஆலோசனைக் கட்டணம்" என்று போட்டிருந்தது. மீதியை ரொக்கமாக வாங்கினான். "டேக்ஸுக்காகம்மா" என்றான். நானும் தலையாட்டினேன்.

ஜூலையில் விமானம் ஏறினான். பாங்காக்கில் இறங்கியதும் கார், வழியில் இரண்டு முறை வேறு கார். எல்லையில் மே சொட் என்ற ஊர். ராத்திரியோடு ராத்திரியாக ஒரு ஆற்றைப் படகில் கடக்க வைத்து, மியான்மரில் மியாவாடிப் பக்கம் ஒரு காம்பவுண்டுக்குள் விட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். பெண் பெயரில் பொய்க் கணக்கு வைத்து, முன்பின் தெரியாத ஆண்களிடம் அன்பாகப் பேசி, கிரிப்டோவில் பணம் போட வைக்க வேண்டும். அதுதான் டேட்டா என்ட்ரி. ஒரு நாளைக்கு 16 மணி நேரம். டார்கெட் வரவில்லை என்றால் கரண்ட் ஷாக். முடியாது என்று சொன்னவனிடம், "உன்னை 3,000 டாலர் கொடுத்து வாங்கியிருக்கோம், கட்டிட்டுப் போ" என்றார்களாம். எங்களிடம் 1,75,000 ரூபாய் வாங்கியவன் அங்கேயும் தம்பிக்கு விலை வாங்கியிருக்கிறான்.

தம்பியிடமிருந்து போன் நின்றதும் அந்த ஆளைக் கூப்பிட்டேன். முதலில் "சார் மீட்டிங்ல இருக்காரு". அடுத்த வாரம் "அங்க மழை, டவர் இல்லை". அதற்கடுத்து "உங்க தம்பி வேலைல ஒழுங்கா இல்லையாம், எங்களுக்கே அவமானமா இருக்கு". நேரில் போய் நின்றபோது ரசீதைக் காட்டச் சொன்னான். "நாங்க வாங்குனது 25,000, அதுவும் ஆலோசனைக்கு. ஆலோசனை சொல்லியாச்சு இல்ல?" என்றான். அதற்கடுத்த வாரம் மாடிக்குப் பூட்டு. காவல் நிலையத்தில் "கொடுக்கல் வாங்கல் தகராறு, பேசி முடிச்சுக்குங்க" என்றார்கள்.

எனக்குத் துணை நின்றது தம்பியோடு படித்த இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும்தான். மூன்று பேருக்கும் 25 வயதுகூட இல்லை. தம்பி கடைசியாக அனுப்பிய லொகேஷன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பதை அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். வெளியுறவுத்துறையின் MADAD என்ற புகார் இணையதளத்தில் பாஸ்போர்ட் நகலோடு புகார் பதிந்தார்கள். பழைய ஸ்டேட்டஸ் போட்டோக்களைத் துருவி, அதே ஆளிடம் ஏமாந்த இன்னும் நான்கு குடும்பங்களைத் தேடிப் பிடித்தார்கள். ஐந்து குடும்பமும் சேர்ந்து எஸ்.பி. ஆபீஸுக்குப் போனோம். மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படி அடைபட்டிருப்பதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் சொன்னதை அந்தப் பெண் அச்செடுத்து வந்து மேஜையில் வைத்தாள். "இது பணத் தகராறு இல்ல சார், ஆள்கடத்தல். பி.என்.எஸ். சட்டத்துல அதுக்கான 143வது பிரிவு போடுங்க" என்றாள். நான் பேச நினைத்து வாய் வராமல் நின்ற வார்த்தை அது.

அக்டோபரில் கேகே பார்க் என்ற பெரிய காம்பவுண்டுக்குள் மியான்மர் ராணுவம் புகுந்தபோது ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஆற்றைக் கடந்து ஓடினார்கள். பக்கத்துக் காம்பவுண்டில் இருந்த தம்பியும் அந்தக் கூட்டத்தோடு தப்பினான். நவம்பரில், பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்குத் தூதரகம் தரும் எமர்ஜென்சி சர்டிஃபிகேட்டில் ஊர் வந்து சேர்ந்தான். குங்குமம் வைத்த பாஸ்போர்ட் அங்கேயே போய்விட்டது. 1,75,000 ரூபாயில் ஒரு ரூபாய் திரும்பவில்லை. அடகுக் கடை வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பாருங்கள். ஏஜென்டின் லைசென்ஸை வெளியுறவுத்துறையின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள், இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது. டூரிஸ்ட்டாகப் போய் வேலை விசா அங்கே மாற்றிக்கலாம் என்றால் நம்பாதீர்கள். யாராவது மாட்டியிருந்தால் அயலகத் தமிழர் நலத்துறைக்கு 1800 309 3793இல் உடனே சொல்லுங்கள், எங்களைப் போல ஏஜென்டிடம் கெஞ்சி மாதக்கணக்கில் விடாதீர்கள்.

அந்த மூன்று பேரும் நாளைக் காலையில் பாலிடெக்னிக் வாசலில் இந்த ஸ்டேட்டஸின் அச்சோடு நிற்கப்போகிறார்கள். தம்பியும் வருகிறேன் என்கிறான். இன்னும் ராத்திரியில் திடுக்கிட்டு எழுகிறவன். நானும் கூடப் போகிறேன்.