டாலியா, ஃப்ளாட்பெட்டா? பின்சக்கரத்தைக் கேளுங்கள்

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் பட்டறை. வழியில் நின்றுபோன காரைக் கொண்டுவர முன்பெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், பழைய பொலிரோவில் கயிற்றைக் கட்டி இழுப்பது. 2022-இல் சொந்தமாக ஒரு டாலி அடித்துக்கொண்டோம். அதிலிருந்து போன் செய்கிறவர்கள் பாதிப்பேர் கேட்பது இதுதான்: "ரெண்டு சக்கரத்தத் தூக்கி இழுத்தா வண்டிக்கு ஒண்ணும் ஆவாதா? பேசாம லாரியிலேயே ஏத்திடட்டுமா?"

நான் டாலி பக்கம் சாய்ந்தவன். காசு போட்டு அடித்தவன் வேறு எப்படி இருப்பான்? அதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

டாலியைப் பார்க்காதவர்களுக்காக: அது இரண்டே சக்கரம் உள்ள ஒரு குட்டி வண்டி. மேலே சுழலும் சட்டம், அதில் இரண்டு தட்டு, ஏறுவதற்கு இரண்டு சரிவுப் பலகை. காரின் முன்சக்கரங்கள் தட்டில் ஏறி உட்காரும். டயருக்கு மேல் ராட்செட் பெல்ட்டைப் போட்டு இறுக்கி, பாதுகாப்புச் சங்கிலியை மாட்டிவிட்டால் காரின் முன்பாதி டாலிமேல், பின்பாதி ரோட்டில். அமெரிக்காவில் மோட்டார்ஹோம், அதாவது வீடு மாதிரியே உள்ள பெரிய வண்டி, வைத்திருப்பவர்கள் தங்கள் சின்னக் காரை இப்படித்தான் பின்னால் இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். வீட்டை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் கடைகண்ணிக்குப் போய்வரக் கார் வேண்டுமே. நம் ஊரில் அந்த வழக்கம் இல்லை. சாலை விதிப்படி, பழுதான வண்டியைத்தான் இன்னொரு வண்டியில் கட்டி இழுக்கலாம். நன்றாக ஓடுகிற காரை டீசல் மிச்சமாகும் என்று டாலியில் ஏற்றச் சொல்லி இரண்டு கார் புரோக்கர்கள் கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

கயிற்றைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். உள்ளே லைசென்ஸ் உள்ள ஆள் உட்கார வேண்டும், இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது, பின்னால் 'ஆன் டோ' (கட்டி இழுக்கப்படும் வண்டி) என்று பலகை தொங்க வேண்டும். இதெல்லாம் இருந்தாலும், எஞ்சின் ஓடாத காரில் இரண்டு மூன்று மிதிக்கு மேல் பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் செத்துப்போகும். முன்னால் போகிறவன் சட்டென்று நிறுத்தினால் பின்னால் இருப்பவன் கதி அவ்வளவுதான். பக்கத்துத் தெருவுக்கு மட்டும் கயிறு.

ஆக, போட்டி டாலிக்கும் ஃப்ளாட்பெட்டுக்கும்தான்.

ஃப்ளாட்பெட்டின் பலம் பார்த்தாலே தெரியும். லாரியின் மேல்தளம் சாய்ந்து இறங்கும், வின்ச் கம்பி காரை இழுத்து மேலே ஏற்றும், நான்கு சக்கரமும் தரையைத் தொடாது. கார் அங்கே வெறும் சரக்கு. இடித்து நொறுங்கிய காரா, அச்சு முறிந்த காரா, எதுவானாலும் ஏறும். இன்சூரன்ஸோடு ரோடுசைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருந்தால் ஒரு குறிப்பிட்ட தூரம்வரை காசும் கேட்க மாட்டார்கள். அப்படி எடுத்திருப்பவர்கள் இதற்கு மேல் யோசிக்காமல் அந்த நம்பருக்கே போன் போடலாம்.

அப்புறம் எதற்கு டாலி? முதல் காரணம் எங்கள் ஊர்த் தெருக்கள். திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளுக்குள் ஃப்ளாட்பெட் லாரி நுழைந்தால் திரும்பி வெளியே வருவதற்குள் ஊரே கூடிவிடும். புதுச்சேரி அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் லாரியின் தலையே நுழையாது. டாலியை அவிழ்த்து இரண்டு பேர் கையால் தள்ளிக்கொண்டு போய், காரை அதில் ஏற்றி, அப்படியே தள்ளி வெளியே கொண்டுவந்துவிடலாம். இரண்டாவது காரணம், அது எங்கள் கையிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் ஃப்ளாட்பெட்டுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் நாங்கள் போய்க் காரை ஏற்றித் திரும்பியே வந்திருப்போம்.

சரி, இனிமேல்தான் விஷயம். டாலி பாதி வண்டிதான். மீதிப் பாதி, வாடிக்கையாளரின் கார். அதன் பின்சக்கரம், அதன் பேரிங், அதன் பிரேக், அதன் டயர், இவற்றை நம்பித்தான் நாம் ரோட்டில் இறங்குகிறோம். டாலி எவ்வளவு உறுதியாக இருந்து என்ன, பின்சக்கரம் சரியில்லாவிட்டால் எல்லாம் வீண். இது எனக்குப் புரிந்தது ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு.

2024 நவம்பர் 30 ராத்திரி புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகரில் தெருக்களில் தண்ணீர் நின்றது. அங்கே எங்கள் பழைய வாடிக்கையாளர், ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர். அவருடைய ஆல்டோவின் சக்கரம் முழுக்கத் தண்ணீரில். "ஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதீங்கம்மா" என்று போனிலேயே சொல்லிவிட்டேன். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கும்போது சாவியைத் திருகினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதற்குள் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரும் மாட்டிக்கொண்டதால் நாங்கள் அங்கே போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று.

ஆல்டோ முன்சக்கரத்தில் ஓடுகிற வண்டி. டாலிக்கென்றே பிறந்தது. முன்பக்கம் ஏற்றினோம், பெல்ட்டை இறுக்கினோம், கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக்கை நானே என் கையால் இறக்கினேன். பெரிய தெருவுக்கு வரும்வரை கொஞ்சம் இறுக்கமாக வருவதுபோல இருந்தது. ஈர ரோடு, சேறு என்று நினைத்துக்கொண்டேன். தவளக்குப்பம் தாண்டும்போது பட்டறைப் பையன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "அண்ணே, ஏதோ கருகுற மாதிரி வாடை வருதுண்ணே" என்றான். இறங்கிப் பார்த்தால் வலது பின்சக்கரம் சூடாகப் புகைகிறது. இடது பின்சக்கரம் சுற்றவே இல்லை. அத்தனை தூரமும் தேய்த்துக்கொண்டே வந்திருக்கிறது. டயரின் ஒரு பக்கம் கத்தியால் சீவிய தேங்காய்ச் சில்லுபோலத் தட்டை, நடுவில் கம்பி தெரிகிறது.

நடந்தது என்ன என்றால், டீச்சரம்மா ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தியிருந்தார். எல்லோரும் செய்வதுதான். பின்சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து, ஒரு வாரத்தில் துருப்பிடித்து, அதை அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டது. லிவரை இறக்கினால் கம்பிதான் தளரும், ஒட்டிய ஷூ விடுமா? டயரும் டிரம்மும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். "போனாப் போவுது விடு தம்பி" என்றார் அவர். ஆனால் தப்பு என்னுடையது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். முன்பக்கத்தை ஏற்றியதும் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஒவ்வொரு பின்சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்க்கிறோம். சுலபமாகச் சுற்ற வேண்டும், கரகரவென்று பேரிங் சத்தம் வரக் கூடாது, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. ஷூ ஒட்டியிருந்தால் டிரம்மின் ஓரத்தில் சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். விடாவிட்டால் டாலி கிடையாது. ஐந்து நிமிட வேலை. கிளம்பி இரண்டு கிலோமீட்டரில் நிறுத்தி, பெல்ட்டை இன்னொரு பிடி இறுக்கி, பின்சக்கர டிரம்மைத் தொட்டுச் சூடு பார்க்கிறோம்.

பின்சக்கரத்தைக் கேட்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வண்டியை ஓட்டுகிற சக்கரம் எது? ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஐ10 எல்லாம் முன்சக்கரம், அதனால் கவலையில்லை. ஆம்னி, ஈக்கோ, பொலிரோ, ஸ்கார்ப்பியோ, இன்னோவா கிரிஸ்டா இவற்றில் பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளுகிறது. இவற்றின் முன்பக்கத்தை ஏற்றி இழுத்தால், ரோட்டில் உருளும் பின்சக்கரம், கியர்பாக்ஸையும் பின்அச்சையும் இணைக்கும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டைச் சுற்றும், ஷாஃப்ட் கியர்பாக்ஸைச் சுற்றும். ஆட்டோமேட்டிக் என்றால் தொலைந்தது. அதில் ஆயில் பம்ப்பை ஓட்டுவது எஞ்சின். எஞ்சின் நின்றிருந்தால் ஆயில் ஓடாது, உள்ளே எல்லாம் காய்ந்துபோய்ச் சுற்றித் தேயும். இழுத்துவரும்போது ஒன்றும் தெரியாது, பின்னால்தான் கியர்பாக்ஸ் செலவு வந்து நிற்கும். மேனுவல் வண்டி என்றால் டிஃபரென்ஷியல் (பின்அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) பக்கம் உள்ள நாலு போல்ட்டைக் கழற்றி, ஷாஃப்டைக் கம்பியால் தூக்கிக் கட்டிவிட்டு இழுக்கலாம். கழற்றும் முன் இரண்டு பக்கமும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது அதே இடத்தில் உட்கார வேண்டும். கொட்டும் மழையில் ரோட்டோரம் படுத்துக்கொண்டு இதைச் செய்வதற்குப் பதில் ஃப்ளாட்பெட்டைக் கூப்பிடுவேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு சக்கரத்திலும் ஓடும் வண்டிக்கு டாலியை நினைக்கவே வேண்டாம்.

மற்ற குறைகள் இதற்கு அடுத்தபடிதான். டாலியில் காரோடு ரிவர்ஸ் எடுக்க முடியாது. டாலியை இழுக்கிற வண்டியோடு மாட்டும் ஹிட்ச் ஓரிடத்தில் மடங்கும், டாலியின் சுழலும் சட்டம் இன்னோரிடத்தில் மடங்கும், இரண்டடி போவதற்குள் கத்தரிக்கோல்போல மடிந்துவிடும். ஆகவே தெருவுக்குள் நுழையும் முன்பே வெளியேறும் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், முட்டுச்சந்து என்றால் தெருமுனையிலேயே அவிழ்த்துக் கையால்தான் தள்ள வேண்டும். மூக்கு தூக்கியிருப்பதால் பின்பம்பர் தாழும். கிருமாம்பாக்கம் பக்கத்து வேகத்தடைகளில் நீளமான செடான் கார்கள் இடித்திருக்கின்றன. அப்புறம் வேகம். கட்டி இழுக்கும்போது மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. புதுச்சேரியிலிருந்து இங்கே வர ஒரு மணி நேரம் ஆகிவிடும், பின்னால் வருகிற பஸ்காரர்கள் ஹாரனிலேயே திட்டுவார்கள். அதனால் முள்ளோடை, ரெட்டிச்சாவடிவரைதான் டாலியை எடுக்க எனக்கு மனசு வருகிறது. விழுப்புரம், சிதம்பரம் என்றால் ஃப்ளாட்பெட்.

நான்கு சக்கரத்தையும் ஏற்றுகிற கார் டிரெய்லரையும் யோசித்தோம். டிரெய்லருக்குத் தனியாகப் பதிவு வேண்டும், இழுக்கப் பெரிய வண்டி வேண்டும், நிறுத்த இடம் வேண்டும். பட்டறை முன்னால் இருக்கும் இடத்துக்கு வீட்டுக்காரரோடு ஏற்கெனவே தகராறு. விட்டுவிட்டோம். டாலி அடிக்க நினைப்பவர்களும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு வெல்டிங்கைத் தொடங்குங்கள்.

எங்கள் டாலி முதுநகரில், படகு வேலை செய்யும் ஒரு வெல்டிங் பட்டறையில் அடித்தது. சக்கரம் ஆம்னியுடைய 12 இன்ச். டயரோ பேரிங்கோ எந்தக் கடையிலும் கிடைக்க வேண்டும் என்று பார்த்து வைத்தது. கடல் காற்றில் பெயிண்ட் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை, சுழலும் சட்டத்துக்கு மாதம் ஒருமுறை கிரீஸ் வைக்காவிட்டால் முனகுகிறது. ஃப்ளாட்பெட் லாரி வைத்திருப்பவரின் ஹைட்ராலிக் செலவோடு பார்த்தால் இதெல்லாம் டீச்செலவு.

மின்கார்களில் எங்களுக்கு அனுபவம் குறைவு. வந்தவை இரண்டே நெக்ஸான். அது முன்சக்கரத்தில் ஓடுவதுதான், டாலியில் ஏற்றலாம் என்று பையன் சொன்னான். மோட்டார் சக்கரத்தோடேயே சேர்ந்து சுற்றுகிற வண்டியில் சோதனை செய்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, இரண்டையும் ஃப்ளாட்பெட்டில்தான் வரவழைத்தேன்.

இப்போது யார் போன் செய்தாலும் எங்கே நிற்கிறது என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்கிறேன். என்ன வண்டி, ஆட்டோமேட்டிக்கா, எத்தனை நாளாக நிற்கிறது. போன வாரம் கன்னியகோயிலிலிருந்து ஒருவர் பேசினார். புது வண்டி, முன்சக்கரம், நேற்றுத்தான் நின்றது, பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டது. எல்லாம் சரியாக இருக்கிறதே என்று டாலியின் தார்ப்பாயை எடுத்துவிட்டேன். "ஹேண்ட்பிரேக் மட்டும் இறக்கி வைங்க சார், வந்துட்டேன்" என்றேன். "லிவர் எதுவும் இல்லியே தம்பி, ஒரு பட்டன்தான இருக்கு. அமுக்குனா ஒண்ணும் ஆவல" என்றார். பட்டன் பிரேக்குக்குக் கரண்ட் வேண்டும், பேட்டரிதான் செத்துக் கிடக்கிறதே. ஃப்ளாட்பெட்காரரின் நம்பரைக் கொடுத்துவிட்டுத் தார்ப்பாயைத் திரும்பப் போட்டு மூடினேன்.