128 ஜிபி என்று விற்ற மெமரி சிப்: கூத்து பதிவு செய்பவர்கள் கவனிக்கவும்

மட்டக்களப்பு டவுனில் மெமரி சிப் வாங்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

படுவான்கரையில் எங்கள் ஊர் வடமோடிக் கூத்தின் அரங்கேற்றத்தை முழுதாகப் பதிவு செய்வது என் நெடுநாள் ஆசை. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் என் பெரியப்பா, வயது 78. ஸ்டூடியோவில் உட்கார வைத்தால் அவருக்குப் பாட்டு வராது. அதனால் என் டெப்பையே (டெப்லெட்டையே) ஸ்டூடியோவாக்கினேன். டெப்பில் யூஎஸ்பி சாமான்களை இணைக்கும் ஓடிஜி வயர், இரண்டு மைக் செருகும் யூஎஸ்பி இன்டர்ஃபேஸ், அதற்குக் கரண்ட் கொடுக்க ஒரு பவர் பேங்க். மத்தளத்துக்கு டைனமிக் மைக். பாட்டுக்கு, கூத்தாடும் களரிக்கு மேலே கட்டிய கண்டென்சர் மைக். அதற்கு வேண்டிய 48 வோல்ட்டை இன்டர்ஃபேஸ் கொடுத்துவிடும். எல்லாம் ஒரு தோள்பைக்குள் அடங்கியது, சத்தமும் அருமை.

24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் ஸ்டீரியோ பதிவு மணித்தியாலத்துக்கு ஒரு ஜிபிக்குச் சற்று அதிகம் பிடிக்கும். டெப்பில் இடமில்லை. டவுனில் ஒரு கடையில் 128 ஜிபி சிப் மற்றக் கடைகளின் பாதி விலைக்குக் கிடைத்தது. "ஒரிஜினல் சாமான் தம்பி, யோசிக்காம கொண்டு போங்க" என்றார் கடைக்காரர். பில் கேட்டதற்குத் துண்டுக் கடுதாசியில் விலையை மட்டும் எழுதித் தந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அரங்கேற்றத்துக்கு முன் நடக்கும் சதங்கை அணி இரவில் நான்கு மணித்தியாலம் பதிந்தேன், பிழையே இல்லை. அரங்கேற்றத்தையும் அதே சிப்பில் இரவு ஒன்பதிலிருந்து விடியும் வரை, மணிக்கொரு ஃபைலாகப் பதிந்தேன். மறுநாள் போட்டால் முதல் மூன்று ஃபைல் பாடுகிறது. நாலாவதிலிருந்து பெயர் இருக்கிறது, அளவும் சரியாகக் காட்டுகிறது, திறந்தால் ஒன்றுமில்லை. விடியப்புறம் பெரியப்பா தானே எழும்பி நின்று வாழி பாடினார். ஊரே கண்கலங்கிய அந்தப் பாட்டும் போய்விட்டது.

பாடிய ஃபைல்களை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸில் ஓடும் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளால் சிப்பைச் சோதித்தேன். உண்மையான அளவு 8 ஜிபிதான். 128 என்று பொய் சொல்லும்படி உள்ளே மாற்றியிருக்கிறார்கள். உண்மையான இடம் நிரம்பியபின் எழுதுவதெல்லாம் காணாமல் போகும், சில சிப்களில் பழையதின் மேலேயே எழுதும். எச்சரிக்கை எதுவும் வராது.

கடைக்குத் திரும்பிப் போனேன். "போன்ல போட்டா 128 காட்டுதுதானே? பாவிச்ச சாமான மாத்த ஏலாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காட்டுகிற அளவை நம்ப வேண்டாம். வாங்கிய அன்றே வெறும் சிப்பை முழுதாக எழுதி, திரும்ப வாசித்துப் பாருங்கள். மெக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அதே வேலை செய்யும் எஃப்3 (F3) இருக்கிறது. பெரிய சிப்புக்குப் பல மணித்தியாலம் எடுக்கும், எடுக்கட்டும். அச்சடித்த பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். ஏமாந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைத்து முறையிடலாம்.

லெப்டொப் இல்லாதவர்கள், கூத்தோ, கண்ணகி அம்மன் கோயில் குளுத்திப் பாடலோ பதியப் போகிறீர்கள் என்றால், சிப்பை என்னிடம் கொண்டு வாருங்கள். காசு வேண்டாம், சோதித்துத் தருகிறேன்.