கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து ஜெர்மனி குடியுரிமைத் தேர்வு எழுதிய கதை

போனது 22,000 ரூபாய். அப்பா தோத்தாபுரி மாங்காயைக் கூழ் ஃபேக்டரிக்குப் போட்டு வாங்கி வந்த காசு. அதனால்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

வீட்டுக்காரருக்கு ஸ்டுட்கார்ட்டில் வேலை. புளூ கார்டில் (படித்த வெளிநாட்டு வேலைக்காரர்களுக்குத் தரும் குடியிருப்பு அனுமதி) இருப்பதால் என் விசாவுக்கு மொழித் தேர்வு தேவையில்லை. கடைக்குப் போய்வரும் அளவுக்காவது ஜெர்மன் பேசக் கற்றுக்கொள் என்றார். சரி என்று பெங்களூர் ரோட்டில் ஒரு மாடி சென்டரில் சேர்ந்தேன். பேர் வேண்டாம். பேச்சு வகுப்பு ஒழுங்காகத்தான் போனது.

இரண்டாவது வாரம் மாஸ்டர் தனியாகக் கூப்பிட்டார். "எப்படியும் அங்க சிட்டிசன் ஆகத்தானே போறீங்க மேடம்? அந்தப் பரீட்சையை இங்கேயே ஆன்லைன்ல முடிச்சிடலாம். மூணே வருஷத்துல பாஸ்போர்ட்."

காசு கட்டியதும் ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் புக் ஒன்று கொடுத்தார். 310 கேள்விகள். ஒரு கேள்வியில் நான்கு மாநிலச் சின்னங்களில் சரியானதைக் காட்டவேண்டும். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் நான்கும் மை கொட்டின மாதிரி இருந்தன. பரீட்சை அவருடைய லேப்டாப்பிலேயே. பக்கத்தில் நின்று "இதுக்கு சி போடுங்க" என்றார், நானும் போட்டேன். அப்போதே உறைத்திருக்க வேண்டும். 33-க்கு 31 என்று லேமினேட் செய்த சர்டிபிகேட் வந்தது.

வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வீட்டுக்காரர் முதலில் சிரித்தார், தொகையைச் சொன்னதும் நிறுத்திவிட்டார். அந்தத் தேர்வு ஜெர்மனியில் உள்ள அங்கீகரித்த மையங்களில் நேரில் எழுதுவது. கட்டணமே 25 யூரோதான். ஒரு மணி நேரம், 33 கேள்வி, 17 சரியாக இருந்தால் பாஸ். 310 கேள்விகளையும் அந்நாட்டு அரசே இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது, சின்னங்கள் கலரில்! அதில் 300 பொதுவானவை, மீதி பத்து அவரவர் வசிக்கும் மாநிலத்துக்கு. என் புக்கில் இருந்த பத்தும் பவேரியாவுக்கு. ஸ்டுட்கார்ட் இருப்பது பாடன்-வூர்ட்டம்பெர்க்கில். தர்மபுரிக்காரனுக்குக் கர்நாடகா வினாத்தாள் கொடுத்த கதை.

இது பாஸானாலும் ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுத்தர நிலைத் தேர்ச்சியைத் தனியாகக் காட்டவேண்டும். பொதுவாக ஐந்து வருஷமாவது அங்கே வசித்திருக்க வேண்டும். மூன்று வருஷச் சலுகை 2024-இல் வந்தது நிஜம், ஆனால் 2025 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். அப்படியே இருந்திருந்தாலும், இன்னும் விமானமே ஏறாத எனக்கு அதனால் என்ன?

அப்பாவோடு போய் மாஸ்டரிடம் காசைத் திருப்பிக் கேட்டேன். "புக்கைத் திருப்பிக் கொடுங்க, அஞ்சாயிரம் தர்றேன்" என்றார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று பார்த்தால், ரசீதில் தேர்வு என்ற வார்த்தையே இல்லை, "ஸ்போக்கன் கிளாஸ்" என்று எழுதியிருக்கிறார். காசு கட்டும் முன் எதற்கு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எனக்கு மிச்சம் இருக்கும் ஒரே சாட்சி அந்த ஸ்பைரல் புக்தான், அதனால் திருப்பிக் கொடுக்கவில்லை. நேற்றும் அதைக் கேட்டு போன் செய்தார்.