4×5 மர மடிப்புக் கேமரா: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மூன்று ஆண்டுகளாக நான் 4×5 அங்குலத் தாள் பிலிமில் (சுருளாக இல்லாமல் தனித்தனித் தாளாக வரும் பிலிம்) படமெடுத்துவரும், மடித்து வெளியே எடுத்துச் செல்லும் ஃபீல்டு கேமராவைப் பற்றிய மதிப்பீடு இது. சிறு பட்டறை ஒன்றில் செர்ரி மரத்தில் செய்யப்பட்ட இந்தக் கேமராவின் எடை லென்ஸ் இல்லாமல் 1.6 கிலோ. மடித்தால் ஒரு தடித்த அகராதியின் அளவுக்குள் அடங்கிவிடும். லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையே மடிந்து விரியும் துருத்தி 300 மி.மீ. வரை நீளும். இதே அமைப்பில் பலர் கேமரா செய்கிறார்கள் என்பதால், இங்கே சொல்வதில் பெரும்பகுதி இந்த வகை முழுமைக்கும் பொருந்தும்.

வாங்கும்போது நான் அசைவுகளின் அளவைத்தான் ஒப்பிட்டுப் பார்த்தேன். லென்ஸைத் தாங்கும் முன்சட்டம் எத்தனை மி.மீ. உயரும், எத்தனை டிகிரி சாயும், பக்கவாட்டில் எவ்வளவு திரும்பும் என்பவையே அன்று எனக்குப் பெரிதாகத் தெரிந்தன. இன்று யாராவது கேட்டால் அந்த எண்களைக் கடைசியில்தான் சொல்வேன். ஏனென்றால், இத்தகைய கேமராவில் பின்புறத்துத் தேய்த்த கண்ணாடியில் படத்தைப் பார்க்கும் நேரமும் பிலிமில் படம் விழும் நேரமும் வேறு வேறு. குவியத்தைச் சரிசெய்து முடித்த பிறகு ஷட்டரை மூடி, துளையைக் குறைத்து, ஷட்டரை முடுக்கி, பிலிம் இருக்கும் ஹோல்டரைச் செருகி, அதன் மூடுதகடான டார்க் ஸ்லைடை உருவ வேண்டும். இத்தனை முறை கை கேமராவைத் தொடுகிறது. ஷட்டரை மூடிய பிறகு நடப்பது எதையும் கண்ணாடியில் பார்க்க வழியில்லை. ஆகவே, பூட்டியது பூட்டியபடியே நிற்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அசைவுகளின் எண்கள் ஏன் இரண்டாம்பட்சம் என்பதற்கு என் லென்ஸே சான்று. நான் பெரும்பாலும் பயன்படுத்துவது ஷ்னைடர் சிம்மர்-எஸ் 150 மி.மீ. லென்ஸ். எஃப் 22 துளையில் (எண் கூடக் கூடத் துளை சிறியது) அது பிலிமின் தளத்தில் விழவைக்கும் பட வட்டத்தின் விட்டம் 210 மி.மீ.; பிலிமில் படம் பதியும் பகுதியின் மூலைவிட்டமோ ஏறக்குறைய 153 மி.மீ. கணக்கிட்டுப் பார்த்தால், கிடைவாக்கில் எடுக்கும் படத்தில் லென்ஸைச் சுமார் 38 மி.மீ. உயர்த்தியதும் வட்டத்தின் விளிம்பு வந்துவிடுகிறது. கேமரா 50 மி.மீ. உயரும் என்பதால் எனக்கு எந்தப் பயனும் இல்லை. சாய்வும் அப்படித்தான். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் லென்ஸ் இருக்கும்போது, காலடியிலுள்ள கல் முதல் தொலைவிலுள்ள மரத்தின் அடிவரை தரை முழுவதையும் குவியத்துக்குள் கொண்டுவர 150 மி.மீ. லென்ஸுக்கு ஏறக்குறைய 6 டிகிரி சாய்வு போதும். தொடக்கத்தில் நான் அதைப்போல் இரண்டு மடங்கு சாய்த்துவிட்டு, மரத்தின் உச்சி ஏன் மங்கிப் போனது என்று குழம்பியிருக்கிறேன். லென்ஸின் தளம், பிலிமின் தளம், குவியத் தளம் மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும் என்ற விதி தியோடர் ஷைம்ஃப்ளூக் 1904-இல் பெற்ற காப்புரிமையின் வழியாக அவர் பெயரிலேயே நிலைத்திருக்கிறது. அந்த விதி கைக்குப் பழகிய பிறகு கேமராவிடம் நான் கேட்பது சிறிய கோணங்கள்தான். ஆனால் அந்தச் சிறிய கோணம் இம்மியும் பிசகாமல் நிற்க வேண்டும்.

இந்தக் கேமராவின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. முன்சட்டத்தின் உயர்வுக்கும் சாய்வுக்கும் ஒரே திருகுதான். சாய்வைத் திருத்துவதற்காக அதைத் தளர்த்தினால், லென்ஸின் எடை தாங்காமல் பலகை முழுவதும் கீழே சறுக்குகிறது. அதுவரை பொறுமையாக அமைத்த சட்டகம் குலைந்துவிடுவதால் எல்லாவற்றையும் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கிறது. லென்ஸ் பலகைக்கு அடியில் இடது கை விரலைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, வலது கையால் திருகைப் பாதி அளவுக்கு மட்டும் தளர்த்தும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. குளிரில் விரல் விறைத்துப்போகும் வேளையில் அது எளிதாக இல்லை. இரண்டு அசைவுகளுக்கும் தனித்தனித் திருகு வைத்த கேமரா சற்றுக் கனமாக இருந்தாலும் அதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

கண்ணாடியும் ஹோல்டரும் இருக்கும் பின்சட்டத்தின் சிக்கல் எனக்குத் தெரியவே பல மாதங்கள் ஆயின. ஒரு ஆற்றங்கரைப் படத்தின் நெகட்டிவை ஒளிப்பெட்டியில் வைத்து லூப் என்னும் உருப்பெருக்கியால் பார்த்தபோது, நான் குவியம் வைத்த பாறை மென்மையாகவும், அதற்கு ஒரு மீட்டர் பின்னால் இருந்த நாணல் கூர்மையாகவும் தெரிந்தன. கண்ணாடியைச் சந்தேகித்தேன். 4×5 ஹோல்டரில் பிலிம் இருக்கும் ஆழம் தரப்படி ஏறக்குறைய 5 மி.மீ.; கண்ணாடியின் தேய்த்த பரப்பும் அதே ஆழத்தில் இருக்க வேண்டும். ஓர் அளவுகோலைச் சரிவாகக் கிடத்தி, துளையை முழுவதும் திறந்து வைத்துச் சோதித்தபோது கண்ணாடி சரியாகவே இருந்தது. பிழை ஹோல்டரைச் செருகும் செயலில்தான். கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்திருக்கும் விற்சுருள்கள் விறைப்பானவை. ஹோல்டரை அப்படியே தள்ளிச் செருகும்போது அந்த விசைக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்சட்டத்தின் சிறிய பூட்டு நழுவியிருக்கிறது. இப்போது ஒரு கையால் கண்ணாடிச் சட்டத்தை விலக்கிப் பிடித்துக்கொண்டு, ஹோல்டரை உராயாமல் உள்ளே விடுகிறேன். டார்க் ஸ்லைடை உருவும்போதும் ஹோல்டரின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்கிறேன். பூட்டின் அடியில் மெல்லிய தோல் வளையம் ஒன்றை இட்ட பிறகு அந்த நழுவல் திரும்பவில்லை.

நல்ல பகுதிகளையும் அதே அளவுகோலால்தான் பாராட்ட வேண்டும். குவியத் திருகின் பூட்டு உறுதியானது. லென்ஸைச் செங்குத்தாகக் கீழ்நோக்கி வைத்து இலைச் சருகுகளைப் படமெடுத்தபோதும் முன்சட்டம் நகரும் தண்டவாளம் துளிகூட இறங்கவில்லை. நெருக்கப் படங்களுக்கு இது மிகவும் வேண்டியது. பொருளின் பாதி அளவில் பதியும் படத்துக்கு 150 மி.மீ. லென்ஸின் துருத்தி 225 மி.மீ. நீள்கிறது, அதற்கு வழக்கத்தைப்போல் 2.25 மடங்கு ஒளி தர வேண்டும். முழு அளவுப் படத்துக்குத் துருத்தியின் 300 மி.மீ. நீளமும் சரியாகத் தீர்ந்துவிடுகிறது. 90 மி.மீ. லென்ஸில் நிலைமை நேர்மாறு: துருத்தி நெருங்கி மடிந்து, முன்சட்டத்தை உயர்த்த விடாமல் இழுத்துப் பிடிக்கிறது.

கண்ணாடி நேர்த்தியானது. கட்டக் கோடுகள் இருப்பதால் கட்டடங்களின் செங்குத்தை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. கண்ணாடியைப் பார்க்கத் தலைமேல் போர்த்தும் கருந்துணிக்குள் கண் பழகியதும், தலைகீழாகத் தெரியும் படத்தில் ஒளியும் நிழலும் எங்கே கனக்கின்றன என்பது நேர்ப்படத்தைவிடத் தெளிவாகப் புலப்படுகிறது. கருந்துணிக்குள் கழியும் அந்த நிமிடங்களுக்காகவே இந்தக் கேமராவைச் சுமந்து நடக்கிறேன் என்று சொல்லலாம்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீட்டிய துருத்தி ஒரு கப்பற்பாயைப் போலக் காற்றை வாங்கும். நான் பயன்படுத்தும் இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ் ஐஎஸ்ஓ 125 பிலிம். ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கும்போது பிலிமின் உணர்திறன் குறைவதால், ஒளிமானி 10 விநாடி காட்டினால் இல்ஃபோர்டு தரும் கணக்கின்படி அதற்கு ஏறக்குறைய 18 விநாடி வேண்டும். 30 விநாடி காட்டினால் 73 விநாடி. காட்டுக்குள் எஃப் 32 துளையில் இப்படி ஒரு நிமிடத்துக்கு மேல் ஷட்டர் திறந்திருக்கும்போது, நடுவில் வீசும் ஒரு சிறு காற்றுகூட முன்சட்டத்தை அதிரவைக்கும். இந்தக் கேமராவில் 200 மி.மீ. நீட்டிப்பு வரை அச்சமில்லை. அதற்கு மேல் காற்று அடங்கும்வரை காத்திருக்கிறேன்.

இந்த வகைக் கேமராவை, குறிப்பாகப் பழையதை, வாங்கப் போகிறவர்கள் கையோடு ஒரு லென்ஸும் லூப்பும் காலி ஹோல்டரும் எடுத்துச் செல்லுங்கள். முக்காலியில் பொருத்தி, எதிரில் ஓர் அச்சிட்ட தாளை ஒட்டி, துளையை முழுவதும் திறந்து, ஓர் எழுத்தின் மீது குவியம் வைத்து எல்லாத் திருகுகளையும் பூட்டுங்கள். பிறகு ஹோல்டரைச் செருகி, டார்க் ஸ்லைடை உருவி, திரும்ப இட்டு, வெளியே எடுங்கள். இதை ஐந்து முறை செய்துவிட்டு அதே எழுத்தை லூப்பால் மீண்டும் பாருங்கள். அது இருந்த இடத்திலேயே, இருந்த கூர்மையோடு தெரிந்தால் துருத்தியின் ஓட்டைகளைச் சோதிக்கும் வேலைக்குப் போகலாம்: இருட்டறையில் உள்ளே ஒரு டார்ச்சை விட்டு, மடிப்புகளின் மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.