பரத்பூர் சைக்கிள் ரிக்‌ஷா: பறவைப் படம் எடுக்க இதைவிடத் தோதான வண்டி இல்லை

ராஜஸ்தானின் பரத்பூரில் இருக்கும் கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குப் போகிறேன் என்றாலே நண்பர்கள் கேட்பது, "சஃபாரி ஜீப்புக்கு எவ்வளவு?" என்றுதான். அங்கே ஜீப் தேவையே இல்லை. வாசலில் வரிசையாக நிற்கும் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினால் போதும். மணிக்கணக்கில் வாடகை, ஓட்டுபவரே வழிகாட்டி.

பூங்கா மொத்தமே சுமார் 29 சதுர கிலோமீட்டர்தான். வாசலிலிருந்து நடுவில் இருக்கும் சிவன் கோயில் வரைக்கும் நல்ல சாலை. இருபக்கமும் கருவேலம், அதைத் தாண்டினால் தண்ணீர். இன்ஜின் உறுமல் இல்லாததால் சாலையோரத்துப் பறவைகள் எழுந்து ஓடுவதில்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே, பக்கக் கம்பியில் பீன் பேக்கை (லென்ஸ் ஆடாமல் தாங்கும் சின்ன மெத்தைப் பை) போட்டு, அதன்மேல் 200-500 மில்லிமீட்டர் லென்ஸை வைத்து எடுத்தேன். டிரைபாடைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

ஆனால் நான் இவ்வளவு புகழ்வதற்குக் காரணம் வண்டி அல்ல, ஓட்டிய பெரியவர். இங்கே ரிக்‌ஷா ஓட்டுபவர்களில் சீக்கியர்கள் நிறைய. பறவைகளைப் பற்றி முறையாகப் பயிற்சி பெற்றவர்கள். எங்கள் சர்தார்ஜி ஏறியதும் கேட்ட முதல் கேள்வியே, "லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர்?" அதற்கேற்ற தூரத்தில்தான் பிறகு ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தினார்.

ஒரு பட்டுப்போன மரத்தில் பாம்புத்தாரா ஒன்று இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. தூரத்திலேயே நிறுத்திக் கொஞ்சம் பொறுத்தார். பிறகு மெல்ல நகர்ந்தார். பெடலை மிதிக்காமல் விட்டால் ஃப்ரீவீல் டிக்டிக்கென்று சத்தம் போடும், அதற்குப் பறந்துவிடும் என்று, கடைசி அடி வரைக்கும் விடாமல் மிதித்தே வந்து நின்றார். நின்றபோது வெயில் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அந்தப் படத்தில் இறகின் வெள்ளிக்கோடுகளைத் தனித்தனியாக எண்ணலாம். அதில் பாதிப் பெருமை அவருக்குத்தான்.

ஜனவரிக் காலையில் பனிமூட்டம் சில நாள் பத்து மணி வரைக்கும் விலகாது. அதை வீண் நேரம் என்று நினைத்து அறையில் தூங்காதீர்கள். சாரஸ் கொக்கு ஜோடி மூட்டத்துக்குள் நிற்பதுபோன்ற படம் வெயிலில் கிடைக்காது. ஆட்டோ ஃபோகஸ் பனியில் தடுமாறும், கையால் திருப்பிக்கொள்ளுங்கள். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தை இரு மடங்கு) ஏற்றினால்தான் பனி சாம்பலாக இல்லாமல் வெள்ளையாக வரும். உபரி பேட்டரியை ஸ்வெட்டருக்கு உள்ளே வையுங்கள். ஹீட்டர் போட்ட அறைக்குத் திரும்பியதும் கேமராப் பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸ் வியர்த்துவிடும்.

குறைகளும் உண்டு. இருக்கை உயரம். ஊசிவால் வாத்து, வரித்தலை வாத்து (நம்ம கூந்தன்குளத்துக்கும் வருமே, அதுதான்) இவற்றை மேலிருந்து எடுத்தால் படம் தட்டையாக இருக்கும். இறங்கிக் கரையோரம் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். நேர் எதிரே பறவை வந்தால் ஓட்டுபவரின் முதுகு மறைக்கும். நானும் தங்கையும் இரண்டு பைகளுமாக ஒரே வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டோம். இருவரும் படம் எடுப்பவர்கள் என்றால் ஆளுக்கொரு வண்டி எடுப்பது நல்லது.

மண் பாதைகளுக்கு நடை அல்லது வாடகை சைக்கிள்தான். குளிர்காலத்தில் மலைப்பாம்புகள் வளையைவிட்டு வெளியே வந்து வெயில் காயும் இடம் அந்தப் பக்கம். சர்தார்ஜி கூடவே நடந்து வந்தார். இன்னும் இரண்டடி போகலாமா என்றதற்கு, "அது சூடேற வெளியே வந்திருக்கு, விரட்டாதேம்மா" என்று தடுத்துவிட்டார். காசு கொடுப்பவர் கேட்டாலும் மறுக்கத் தெரிந்த வழிகாட்டியைத்தான் நான் நம்புவேன்.

கோயில் அருகே நாங்கள் கேட்காமலே அவர் வண்டியை நிறுத்திய இடம், வேட்டைக் கணக்குப் பொறித்த கல்வெட்டு. 1938இல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் சுட்டது 4,273 பறவைகள். சைபீரியக் கொக்குகள் இங்கே கடைசியாக வந்தது 2002இல். அவற்றை இளவயதில் பார்த்திருக்கிறார் சர்தார்ஜி. எந்தத் திட்டில் நிற்கும் என்று கையைக் காட்டிச் சொன்னார். நான் காலியான திட்டையும் படம் எடுத்துக்கொண்டேன்.

டிக்கெட் போடும் முன் ஒன்று மட்டும் விசாரியுங்கள்: இந்த வருடம் பூங்காவில் தண்ணீர் எப்படி? மழையும் வெளியிலிருந்து விடும் தண்ணீரும் குறைந்த வருடங்களில் பறவையும் குறைவுதான். ரிக்‌ஷாவைக் காலையில் ஒருமுறை, மூன்று மணிக்கு மேல் ஒருமுறை என்று பிரித்துப் பேசிக்கொள்ளுங்கள். நடுப்பகலில் தண்ணீர்மேல் கானல் ஆடும், படம் தெளிவாக வராது. கட்டணம் வாசலிலேயே எழுதியிருக்கும், பேரம் வேண்டாம். நன்றாகக் காட்டினால் கொஞ்சம் கூடுதலாகவே கொடுங்கள், அந்தக் குளிரில் அவ்வளவு தூரம் மிதிக்கிறார்கள்.