வள்ளிமலை: வெயிலுக்கு முன்னாடி ஏறிடுங்க

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவும் ஒரு முழு நாளும் வேணும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வீட்டில் உலை வைக்கணும். அதனால் வள்ளிமலை. வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான்.

போன சித்திரையில் பத்தரை மணிக்கு ஏறினோம். கோயில் மலை, செருப்பு கீழேயே. இறங்கும்போது பாறை தோசைக்கல்லாகியிருந்தது. நிழல் விழுந்த ஓரமாக நண்டு மாதிரி இறங்கி, இரண்டு நாள் உள்ளங்காலில் தேங்காய் எண்ணெய் தடவினேன். வேலூர் வெயில் தெரிந்தும் போனது என் தப்பு.

இந்த மார்கழியில் ஆறரைக்கே ஏறியாச்சு. படிகள் நானூற்றுச் சொச்சம். ஆனால் ஒன்று அரை அடி, அடுத்தது முட்டி உயரம். பாதியில் நான் உட்கார்ந்துவிட்டேன். என் மாமியாருக்கு 64 வயசு, மேலேயிருந்து குரல்: "இன்னாமா, இதுக்கே குந்திகினியா?"

பாறையைக் குடைந்த சன்னதியில் முருகனைக் கும்பிட்டுவிட்டு எல்லாரும் இறங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து வழி கேட்டுக்கொண்டு சமணக் குகைக்கும் போங்க. பாறையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர்கள் வணங்கும் குருமார்கள். 9-ஆம் நூற்றாண்டில் கங்க மன்னன் ராசமல்லன் வெட்டுவித்த குகை என்கிறது கல்வெட்டு. ஒரு தீர்த்தங்கரர் மடியில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பக்கத்தில் யாருமே இல்லை. கீழே பச்சை வயல், தூரத்தில் ஆந்திரா பக்கத்துக் குன்றுகள். அரை மணி நேரம் அங்கேயே இருந்தோம். கிழவன் வேஷத்தில் வந்த முருகனுக்குத் தேனும் தினைமாவும் கொடுத்து, விக்கல் எடுத்ததும் வள்ளி சுனைக்குக் கூட்டிப்போன கதையை மாமியார் பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி சொன்னார். 'சூரியன் காணாத சுனை' என்று பேர்.

குரங்கு விஷயத்தில் ஜாக்கிரதை. பையின் ஜிப்பைத் திறக்கவே தெரியும். எலுமிச்சை சாதப் பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டுப் போனது. அதுவரை நல்லது. கிருத்திகையன்று கூட்டம் தாங்காது. அமைதி வேணும்னா அன்றைக்கு வேண்டாம்.

திரும்பும்போது மேல்பாடி. ராசராச சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த மன்னனுக்கான நினைவுக் கோயில், அங்கே. மாமியார் மூன்று சுற்று சுற்றினார். நான் வண்டியிலேயே கால் நீட்டிக்கொண்டேன்.