மினரலா, செமியா, ஃபுல் சிந்தெடிக்கா: நீண்ட பயணத்துக்கு எந்த ஆயில்?

நானூறு கிலோமீட்டர் தாண்டியதும் முதலில் காலுக்குத்தான் தெரியும். காலையில் சத்தமே இல்லாமல் விழுந்த கியர், மதியத்துக்கு மேல் 'டொக்' என்று விழும். சிக்னலில் நின்றால் நியூட்ரல் அகப்படாது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே கால் துழாவிக்கொண்டே இருக்கும். மறுநாள் காலை வண்டி ஆறியதும் பாதி சரியாகிவிடும். அது ஆயில் சூட்டில் இளகியதால் வந்தது. சரியாகாத மீதிப் பாதிதான் கவனிக்க வேண்டியது.

காரில் இன்ஜினுக்கு ஓர் ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறு. பெரும்பாலான பைக்குகளில் அந்த வசதி இல்லை. பிஸ்டன், கியர் பற்கள், கிளட்ச் தட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான். ஏர் கூல்டு இன்ஜின் என்றால் சூட்டை வெளியே இழுத்து வரும் வேலையில் பெரும்பங்கும் அதன் தலையில். சின்ன வண்டிகளில் மொத்தமே ஒரு லிட்டர் சொச்சம். அதனால்தான் 'எந்த ஆயில்' என்ற சண்டை கார்க்காரர்களைவிட பைக்குக்காரர்களிடம் சூடாக நடக்கிறது.

மினரல் ஆயில் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது. அதில் பெரிதும் சிறிதுமாக எல்லா அளவு மூலக்கூறுகளும் கலந்திருக்கும். சூடு ஏற ஏற லேசானவை ஆவியாகிப் போகும், மிச்சம் கெட்டியாகும். இதை அளக்க நோவாக் என்று ஒரு சோதனை உண்டு: ஆயிலை 250 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து எடை எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார்கள். மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்படி தயாரிக்கும் நல்ல சிந்தெடிக் ஆயில்கள் இதில் மினரலை எளிதாக முந்தும். நாள் முழுக்க ஒரே வேகத்தில், அதிக ஆர்பிஎம்மில் ஓடும் இன்ஜினுக்கு இது வெறும் ஆய்வக எண் இல்லை. ஆவியாகிப் போவது உங்கள் ஆயில் லெவலில்தான் குறையும்.

இரண்டாவது வித்தியாசம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. டப்பாவில் 20டபிள்யூ-40 என்று போட்டிருந்தால் முதல் எண் குளிரில் அது எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது, இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதை. நாற்பது என்ற பெயருக்கு 100 டிகிரியில் 12.5 சென்டிஸ்டோக்ஸாவது (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் அது முப்பது. சூட்டிலும் இளகாமல் நிற்பதற்காக ஆயிலில் நீளமான பாலிமர் இழைகளைச் சேர்க்கிறார்கள். கியர் பற்களுக்கு நடுவே நசுங்கி நசுங்கி அந்த இழைகள் அறுந்துபோகும். அறுந்தது திரும்ப ஒட்டாது. நாற்பதாக ஊற்றிய ஆயில் சில ஆயிரம் கிலோமீட்டரில் முப்பதாக இறங்குவது இப்படித்தான். மறுநாள் காலையிலும் சரியாகாத 'டொக்' பெரும்பாலும் இதுதான். நல்ல சிந்தெடிக் அடிப்படை எண்ணெய்க்கு இயல்பிலேயே சூட்டில் இளகும் குணம் குறைவு என்பதால் பாலிமர் குறைவாகச் சேர்த்தால் போதும். குறைவாக இருப்பதால் அறுவதற்கும் குறைவு.

அப்படியானால் சிந்தெடிக்தான், முடிந்தது கதை என்று எழுந்துவிடாதீர்கள். 'ஃபுல் சிந்தெடிக்' என்பது ஒரே சரக்கின் பெயர் இல்லை. உண்மையிலேயே வேதிமுறையில் கட்டிய பிஏஓ, எஸ்டர் வகைகள் ஒரு பக்கம். கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் கொடுத்து ஆழமாக மாற்றியெடுத்த 'குரூப் 3' இன்னொரு பக்கம். இந்த இரண்டாவதை சிந்தெடிக் என்று விளம்பரம் செய்யலாமா என்று அமெரிக்காவில் இரண்டு பெரிய எண்ணெய் நிறுவனங்கள் மோதிக்கொண்டு, 1999-இல் 'சொல்லலாம்' என்று விளம்பரத் துறையின் சுயக்கண்காணிப்பு அமைப்பு முடிவு சொன்னது. அதற்குப் பிறகு பல நாடுகளில் அந்தச் சொல் இரண்டையும் குறிக்கிறது. குரூப் 3 மட்டமானது என்று நான் சொல்லவில்லை. மினரலைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஒரே சொல் போட்ட இரண்டு டப்பாக்களில் ஏன் இவ்வளவு விலை வித்தியாசம் என்று குழம்புகிறவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

செமி சிந்தெடிக் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டும் கலந்தது. எத்தனை சதவீதம் கலக்க வேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது. 'பாதிக்குப் பாதி' என்று நாமே நினைத்துக்கொள்கிறோம்.

எந்த வகை வாங்கினாலும் டப்பாவைத் திருப்பி முதலில் தேட வேண்டியது வேறு ஒன்று: ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தர முத்திரை. பெட்ரோல் மிச்சமாக வேண்டும் என்று கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருட்களைச் சேர்க்கத் தொடங்கியதும், ஆயிலில் நனைந்தபடி இயங்கும் பைக் கிளட்ச்சுக்குத் தலைவலி வந்தது. கிளட்ச் பிடிப்பதே உராய்வால்தானே? அது போனால் ஆக்சிலரேட்டர் முறுக்கினால் ஆர்பிஎம் ஏறும், வண்டி ஏறாது. அதற்காக ஜப்பானியர்கள் 1998-இல் கொண்டுவந்த தரம்தான் ஜாசோ டி 903. எம்ஏ2-வில் கிளட்ச்சுக்கான பிடிப்பு கூடுதல். எம்பி என்றால் உராய்வு குறைந்த ஆயில், உலர் கிளட்ச் உள்ள ஸ்கூட்டருக்கு. எவ்வளவு உசத்தியான கார் சிந்தெடிக்காக இருந்தாலும் இந்த முத்திரை இல்லாமல் என் வண்டியில் ஏறாது.

சரி, யாருக்கு எது? தினமும் நாலைந்து கிலோமீட்டர் அலுவலகம், கடை என்று ஓடும் வண்டிக்கு ஃபுல் சிந்தெடிக் எனக்கு வீண் செலவாகத்தான் தெரிகிறது. அப்படி ஓடும் இன்ஜின் சரியாகச் சூடாவதே இல்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலிலேயே தங்கும். அதை எந்த அடிப்படை எண்ணெயும் விரட்டாது, வடித்து மாற்றுவதுதான் வழி. மினரலோ செமியோ ஊற்றிச் சீக்கிரம் சீக்கிரமாக மாற்றுங்கள். நாளுக்கு ஐநூறு கிலோமீட்டர், வெயில், மலையேற்றம், ஏர் கூல்டு இன்ஜின் என்று சேர்ந்தால் அங்கே ஃபுல் சிந்தெடிக் போட்ட பணத்துக்கு வேலை செய்கிறது. லிக்விட் கூல்டு வண்டியில் ஆயிலின் சூடு கட்டுக்குள் இருக்கும்; வண்டியோடு வரும் மேனுவல் புத்தகம் சிந்தெடிக் கேட்கவில்லை என்றால் நல்ல செமியே ஓட்டிவிடும். இரண்டு வண்டியிலும் கிரேடு, அதாவது 20டபிள்யூ-40 போன்ற அந்த எண், மட்டும் மேனுவல் சொன்னதுதான். 'லாங் போறோம், கொஞ்சம் கெட்டியா ஊத்துவோம்' என்று முப்பது கேட்கும் இன்ஜினில் ஐம்பதை ஊற்றினால், குளிர்ந்த இன்ஜினில் மேல்தலைக்கு ஆயில் ஏற நேரமாகும், பிக்கப்பும் கொஞ்சம் குறையும்.

சிந்தெடிக் போட்டால் லீக் ஆகும் என்பதும் அடிக்கடி காதில் விழும். ஆரம்பகால சிந்தெடிக்குகள் சிலவற்றில் சீல் சுருங்கும் தொல்லை இருந்தது. இன்றைய ஆயில்களில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். பழைய வண்டியில் ஏற்கெனவே காய்ந்துபோன சீலை அடைத்துக்கொண்டிருந்த அழுக்கை ஆயில் கழுவிவிட்டால் கசியத்தான் செய்யும். குற்றவாளி சீல்தான்.

இவ்வளவு படித்துவிட்டு நானே செய்த கூத்து ஒன்று உண்டு. ஒரு பயணத்துக்கு உசத்தியான எஸ்டர் ஆயில் ஊற்றிவிட்டு, 'இனி பத்தாயிரம் கிலோமீட்டருக்குக் கவலை இல்லை' என்று கிளம்பினேன். மூன்றாம் நாள், வால்வுகள் தட்டும் டேப்பெட் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தால் லெவல் கண்ணாடியில் ஆயிலே இல்லை. தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாக, நாள் முழுக்கச் சுற்றிய ஆர்பிஎம்மில் கிட்டத்தட்ட அரை லிட்டரைக் குடித்துவிட்டிருந்தது. என் ஆயில் அங்கே கிடைக்கவில்லை. கிடைத்தது அதே கிரேடில், எம்ஏ முத்திரையோடு ஒரு மினரல். அதையே ஊற்றினேன். மினரலும் சிந்தெடிக்கும் சேர்ந்தால் தயிர் மாதிரி திரிந்துவிடும் என்று பயமுறுத்துவார்களே, ஒன்றும் ஆகவில்லை. இன்ஜின் ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும்படிதான் தயாரிக்கப்படுகின்றன. சிந்தெடிக்கின் பலன் கொஞ்சம் நீர்த்துப்போகும், அவ்வளவே. ஊர் திரும்பியதும் மொத்தமாக வடித்து மாற்றினேன்.

இப்போதெல்லாம் காலையில் கிளம்பும் முன் வண்டியைச் சமதரையில் நிமிர்த்தி வைத்து லெவல் பார்க்கிறேன். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும்போது பார்த்தால் கணக்கு தப்பும். டிப்ஸ்டிக் உள்ள வண்டியென்றால், அதை முறுக்கிப் பார்க்க வேண்டுமா, சும்மா வைத்துப் பார்க்க வேண்டுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலில் இருக்கும். பையில் கால் லிட்டர் ஆயில், கசியாத மூடியோடு. பெரும்பாலும் அது செமிதான்.